மருத்துவமனையும் மன்றமும்

சென்னை அடையாற்றில் இரண்டு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, பெசன்ட் அவென்யூவில் மரநிழலில் அமைந்திருக்கும் அவ்வை இல்லம். மற்றொன்று, காந்தி நகரில் விடியற்காலையிலேயே மக்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடும் புற்றுநோய் நிறுவனம். முதலாவதில் ஆதரவற்ற பெண்குழந்தைகள் தங்கிப் படிக்கின்றனர். இரண்டாவதற்குத் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்தும் ஆந்திரம், கேரளம் முதலிய அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். இரண்டையும் தோற்றுவித்தவர் ஒருவரே. அவர் மருத்துவர், சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர். மருத்துவராக அவர் கண்ட துயரங்களே அவரைச் சட்டமன்றத்திற்குள் செலுத்தின. சட்டத்தால் மட்டும் தீர்க்க இயலாதவை என அங்கு அவர் உணர்ந்துகொண்டவையே இவ்விரு நிறுவனங்களாக உருப்பெற்றன. அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். அந்நாளில் புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் இருந்த தனி அரசு. தந்தை நாராயணசாமி, மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்த கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். சாதி கடந்த அம்மணத்தின் காரணமாக நாராயணசாமியை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். பிறப்பை முன்னிட்டு மனிதரை விலக்குவது எத்தகையது என்பதை முத்துலட்சுமி நூல்களில் படித்து அறிய வேண்டிய தேவை இருக்கவில்லை. அவர் வளர்ந்த வீடே அதனைக் கற்பித்தது.

பெண்கள் பருவம் எய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட காலம் அது. முத்துலட்சுமியும் அவ்வாறே நிறுத்தப்பட்டார். ஆனால் படிப்பு நிற்கவில்லை. தந்தையே வீட்டில் ஆசிரியரானார். தனித்தேர்வராக மெட்ரிகுலேசன் தேர்வை எழுதி முத்துலட்சுமி தேர்ச்சி பெற்றார். அடுத்து எங்குச் செல்வது என்னும் கேள்வி எழுந்தது. ஊரில் இருந்த ஒரே கல்லூரி ஆண்களுக்கானது. ஒரு பெண்ணைச் சேர்த்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1904ஆம் ஆண்டு அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார்.

சேர்க்கை கிடைத்துவிட்டதனால் தடை அகன்றுவிடவில்லை. மூடிய வண்டியில் அவர் கல்லூரிக்கு அழைத்துவரப்பட்டார். மாணவர்களின் கண்ணில் படாதவாறு வகுப்பில் அவருக்கும் அவர்களுக்கும் இடையே திரை கட்டப்பட்டது. ஆசிரியரின் குரலைத் திரைக்கு இப்பால் இருந்தபடியே கேட்டுப் படித்தார். பார்வைக் குறைவும் அடிக்கடி வரும் நோயும் வேறு அவரை வாட்டின. எனினும் அத்திரைக்குப் பின்னாலிருந்தே இன்டர்மீடியட் தேர்வில் வெற்றி பெற்றார்.

மருத்துவக் கல்வி

1907ஆம் ஆண்டு முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் இவரே என்று எழுதுவோர் உளர். அது பொருந்தாது. வங்காளத்தின் கடம்பினி கங்குலியும் மராட்டியத்தின் ஆனந்திபாய் ஜோஷியும் அவர் பிறந்த ஆண்டிலேயே மருத்துவப் பட்டம் பெற்றவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875இல் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணியைச் சேர்த்துக்கொண்ட கல்லூரிதான். முத்துலட்சுமியின் பெருமைக்கு இந்த முதன்மை தேவையும் இல்லை. வழி திறந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அவ்வழியில் நடந்த தமிழ்ப் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர் என்பதே நாம் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி.

ஆண் மாணவர்களுக்கு இணையாக, பல பாடங்களில் அவர்களை விஞ்சியும் அவர் தேர்ச்சி பெற்றார். அறுவை மருத்துவத்தில் அவர் காட்டிய திறன் ஆசிரியர்களை வியக்க வைத்தது. பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அதன்பின் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியேற்றார். அப்பணியில் அமர்ந்த முதல் பெண் அவரே.

எழும்பூர் மருத்துவமனை அவருக்கு மற்றொரு கல்லூரியாயிற்று. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பிள்ளைப்பேற்றுக்காகக் கொண்டுவரப்பட்ட சிறுமியரை அங்கே கண்டார். உடல் முதிராத தாய், எடை குறைந்த குழந்தை, இருவரில் ஒருவரையேனும் காப்பாற்றப் போராடும் மருத்துவர் என்பது அங்கு அன்றாடக் காட்சி. நோய்க்கு மருந்து கொடுக்கலாம். குழந்தை மணத்திற்கு மருந்தேது?

மணவாழ்வைக் குறித்து அவர் நெடுநாள் தயங்கினார். 1914ஆம் ஆண்டு, மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். மணத்திற்கு முன்னரே ஒரு நிபந்தனை விதித்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும். தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்பதே அது. சுந்தர ரெட்டி இசைந்தார். இசைந்தபடியே வாழ்நாள் முழுதும் நடந்தும் காட்டினார். சாதியும் சடங்கும் தேவைப்படாத, 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்கீழ் அம்மணம் நடைபெற்றது.

மன்றத்தில்

அடையாற்றில் 1917ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா முதலியோர் அதனை முன்னின்று நடத்தினர். முத்துலட்சுமியும் தொடக்கம் முதலே அதில் பங்கு கொண்டார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பது சங்கத்தின் முதற்கோரிக்கைகளுள் ஒன்று. 1921ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றம் அவ்வுரிமையை வழங்கியது. சொத்தும் வரியும் உடையோருக்கே வாக்கு என்னும் வரம்பு அதில் இருந்தமையால் வாக்களிக்க இயன்ற பெண்கள் மிகச் சிலரே. எனினும் அவ்வரம்பு ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றாகவே இருந்தது. ஆண்களுக்கு நிகரான வாக்குரிமையை இங்கிலாந்துப் பெண்கள் 1928இல்தான் பெற்றனர் என்பதை ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

1925ஆம் ஆண்டு மகளிர், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற அம்மையார் இலண்டன் சென்றார். அவர் நாடு திரும்பிய காலத்தில், சட்டமன்றத்தில் பெண்ணொருவர் இடம்பெற வேண்டும் என மாதர் சங்கம் முயன்றுகொண்டிருந்தது. சங்கம் அவர் பெயரைப் பரிந்துரைத்தது. மருத்துவப் பணிக்கு இடையூறு நேருமே என்று அவர் முதலில் தயங்கினார். பின்னர் இசைந்தார். நியமன உறுப்பினராக மன்றத்திற்குள் நுழைந்த அவரை, 1927ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், உறுப்பினர் அனைவரும் ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். கல்லூரி வகுப்பில் திரைக்குப் பின்னால் அமர்த்தப்பட்டவர், ஆண்கள் மட்டுமே நிறைந்த அவையில் தலைமை இருக்கையில் அமர்ந்தார்.

மன்றத்தில் அவர் பேசியவற்றுள் பெரும்பகுதி அவர் மருத்துவமனையில் கண்டவையே. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும். பெண்கல்விக்குக் கட்டணச் சலுகை வேண்டும். குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று வாதாடினார். பெண்ணின் மணவயதைப் பதினாறாகவும் ஆணின் மணவயதை இருபத்தொன்றாகவும் உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1929இல் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்ட சாரதா சட்டம் அவற்றை முறையே பதினான்கு, பதினெட்டு என்றே வரையறுத்தது. அதாவது, எழும்பூர் மருத்துவமனையின் மருத்துவர் கேட்டது நாடு கொடுக்க முன்வந்ததைவிட அதிகம்.

பொட்டறுத்தல்

அம்மையாரின் சட்டமன்றப் பணிகளுள் தலையாயது தேவதாசி முறை ஒழிப்பு. சிறுமியரைக் கோயிலில் இறைவனுக்கெனப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. ஆடலும் பாடலும் வளர்த்த மரபு அது என்பது மெய். செல்வர்களின் இச்சைக்கு இளம்பெண்களை ஆளாக்கிய மரபாகவும் அது மாறியிருந்தது என்பதும் மெய். 1927ஆம் ஆண்டு நவம்பரில், இவ்வழக்கத்தை நிறுத்த அரசு சட்டமியற்ற வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் மன்றத்தில் முன்மொழிந்தார். தீர்மானம் நிறைவேறியது.

தீர்மானம் எளிது, சட்டம் அரிது. எங்கே முடிச்சு இருக்கிறது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். கோயிற்பணி செய்யும் குடும்பங்களுக்கு இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. பணி தொடர்ந்தால்தான் நிலம் தொடரும். தன் மகளுக்குப் பொட்டுக்கட்ட விரும்பாத தாய்கூட, அவ்வாறு கட்டாவிடின் நிலம் பறிபோய்விடும் என்று அஞ்சவேண்டியிருந்தது. வறுமைக்கு அஞ்சி வழக்கத்தைத் தொடரும் ஒருவரிடம் அறம் பேசிப் பயன் என்ன? எனவே, இந்து அறநிலையச் சட்டத்திற்கு ஒரு திருத்தத்தை அம்மையார் கொண்டுவந்தார். இனி அந்நிலங்களுக்கும் கோயிற்பணிக்கும் தொடர்பில்லை. பணியை விட்டாலும் நிலம் அப்பெண்களுக்கே உரியது என்பது திருத்தத்தின் சாரம். 1929ஆம் ஆண்டு அது சட்டமாயிற்று. அவருடைய சட்டமன்றச் செயல்களுள் மிக நுட்பமானது எது என்று கேட்டால் இதனையே சுட்ட வேண்டும். இதில் தண்டனை இல்லை, சிறை இல்லை. விலங்கின் பூட்டை மட்டும் அது திறந்துவிட்டது.

எதிர்ப்பு இருவகையாக வந்தது. தீரர் சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்கள், மரபிலும் சமயத்திலும் சட்டம் தலையிடல் ஆகாது என்றனர். மற்றோர் எதிர்ப்பு, அம்மரபைச் சார்ந்த பெண்களிடமிருந்தே எழுந்தது. திருவையாற்றில் தியாகராசருக்கு நினைவிடம் எழுப்பிய இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முதன்மையானவர். தாங்கள் கற்றவர்கள், கலைவல்லவர்கள், சொத்துரிமை உடையவர்கள். சிலரின் இழிநிலையைக் காட்டி அனைவருக்கும் இழிபெயர் சூட்டலாகாது. தங்களைக் கேளாமல் தங்களைப் பற்றிச் சட்டமியற்றல் முறையன்று என்பவை அவர்களின் வாதங்கள். இவை எளிதில் தள்ளத்தக்கன அல்ல. கலையையும் அதனைச் சூழ்ந்திருந்த கொடுமையையும் பிரித்துப் பார்க்க அம்மையார் போதிய பொறுமை காட்டவில்லை என்று இன்றைய ஆய்வாளர் சிலர் கருதுவதிலும் உண்மை உண்டு. 1930களில் சதிராட்டம் பரதநாட்டியம் என்னும் பெயருடன் மயிலாப்பூர், அடையாறு மேடைகளில் புத்துயிர் பெற்றது. அதனை வழிவழியாகக் காத்த பெண்களுள் பலர் அம்மேடைகளுக்கு வெளியிலேயே நின்றுவிட்டனர்.

ஆயினும், மறுபக்கத்துச் சான்று வலிமையானது. அம்மரபின் கொடுமையை நேரில் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்தோறும் சென்று பொட்டறுக்கும் இயக்கத்தை நடத்தினார். பெரியாரும் சுயமரியாதை இயக்கத்தினரும் துணை நின்றனர். பேசத் தெரியாத வயதில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிக்கு யார் பேசுவது என்னும் முத்துலட்சுமியின் கேள்விக்கு எதிர்த்தரப்பினரிடம் விடை இருக்கவில்லை.

பொட்டுக்கட்டுதலையே முற்றிலும் தடைசெய்யும் மசோதாவை அவர் முன்னெடுத்துக்கொண்டிருந்த வேளையில், 1930ஆம் ஆண்டு மே மாதம், உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதனைக் கண்டித்து அம்மையார் பதவி விலகினார். தம் மசோதா நிறைவேறும்வரை காத்திருந்து பின்னர் விலகியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தடைச் சட்டம் 1947ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் எத்தனை சிறுமியர் பொட்டுக்கட்டப்பட்டனர் என்பதை எண்ணும்போது, அவர் தம் மனச்சான்றுக்குக் கொடுத்த விலை சிறிதன்று என்பது புலனாகும்.

அவ்வை இல்லம்

அதே 1930ஆம் ஆண்டில் அவர் வீட்டுக் கதவை மூன்று சிறுமியர் தட்டினர். தேவதாசிக் குடும்பங்களைச் சேர்ந்த அவர்கள், அவ்வாழ்க்கை வேண்டாமென வெளியேறி வந்தவர்கள், படிக்க விரும்பினர். அவர்களை மாணவியர் விடுதிகளில் சேர்க்க அம்மையார் முயன்றார். அவர்களின் பிறப்பைக் காரணம் காட்டி விடுதிகள் மறுத்துவிட்டன. பொட்டறுத்துக்கொண்டு வெளியே வா என்று சட்டம் சொல்லலாம். வந்தவள் அன்றிரவு எங்கே உறங்குவாள் என்பதற்குச் சட்டத்தில் விடை இல்லை. அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுவே அவ்வை இல்லத்தின் தொடக்கம். பின்னர் அது அடையாற்றுக்கு வந்தது. கைவிடப்பட்டோரும் பெற்றோரை இழந்தோருமாகிய எல்லாச் சாதிப் பெண்குழந்தைகளுக்கும் இடமளித்தது. பள்ளியும் தொழிற்பயிற்சியும் உடையதாக வளர்ந்தது. அங்குப் பயின்றோர் ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் தம் காலில் நின்றனர்.

மாதர் சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மம்’ இதழுக்கு ஆசிரியராகவும், 1931ஆம் ஆண்டு லாகூரில் கூடிய அனைத்திந்திய மாதர் மாநாட்டின் தலைவராகவும் அவர் இக்காலத்தில் பணியாற்றினார். முன்னதாக, இந்தியக் கல்விநிலையை ஆராய்ந்த ஹர்டாக் குழுவில் இடம்பெற்ற ஒரே பெண்ணும் அவரே.

முப்பது ஆண்டு வேட்கை

1923ஆம் ஆண்டு அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் அது வயிற்றுக்கடுப்பு என்று கருதப்பட்டது. உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்திருந்தது. அக்கா மருத்துவர், அக்காளின் கணவரும் மருத்துவர். இருந்தும் நோயைத் தடுக்க இயலவில்லை. அத்துயரம் அவரை விட்டு நீங்கவே இல்லை. இலண்டனில் மேற்பயிற்சி பெற்றபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையின் பணிமுறைகளையும் கற்றுத் திரும்பினார். 1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், இந்நகரில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைய வேண்டும் என்று தம் விருப்பத்தை வெளியிட்டார்.

கேட்டோர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. புற்றுநோய் என்றாலே சாவு. சாகப் போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்பது அரசு அலுவலர் பலரிடமும் நிலவிய எண்ணம். தொற்றிக்கொள்ளும் என்ற அச்சமும் மக்களிடம் இருந்தது. இவ்விரண்டுமே பிழை என்பதை அம்மையார் அறிவார். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் அறுவை மருத்துவத்தாலும் கதிர்வீச்சாலும் பலரைக் காப்பாற்றலாம். வெட்கத்தாலும் அச்சத்தாலும் நோயை மறைப்பதனால்தான், குறிப்பாகப் பெண்கள், கைகடந்த நிலையில் வருகின்றனர் என்று அவர் எடுத்துரைத்தார். 1941இல் பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. தென்னாட்டில் அத்தகையது எதுவும் இல்லை.

1949ஆம் ஆண்டு மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிதி ஒன்று தொடங்கப்பட்டது. பெரிய கொடைக்குக் காத்திராமல் சிறு தொகைகளையும் ஏற்றுத் திரட்டினர். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அங்கிருந்தவை பன்னிரண்டு படுக்கைகள். அம்மையாருக்கு அறுபத்தெட்டு வயது நிறைவுற ஆறு வாரங்கள் இருந்தன. தங்கை மறைந்து முப்பத்தோராண்டுகள் ஆகியிருந்தன.

அவர் மகன் கிருஷ்ணமூர்த்தி, மருத்துவம் பயின்று வந்து அந்நிறுவனத்தைத் தம் வாழ்க்கையாக்கிக்கொண்டார். மயிலாப்பூரில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவர் வி. சாந்தா 1955ஆம் ஆண்டு அங்குப் பணியில் சேர்ந்தார். 1957ஆம் ஆண்டு கனடாவில் செய்யப்பட்ட கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி நிறுவப்பட்டது. வசதி இல்லாதவர் என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்புதல் கூடாது என்பதை நிறுவனம் முதலிலிருந்தே நெறியாகக் கொண்டது.

1956ஆம் ஆண்டு இந்திய அரசு அம்மையாருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், எண்பத்திரண்டு வயது நிறைவதற்கு எட்டு நாள்கள் இருந்தபோது, அவர் சென்னையில் மறைந்தார். சாந்தா அவ்வளாகத்திலேயே தங்கி, 2021ஆம் ஆண்டு சனவரியில் தாம் மறையும்வரை, நோயாளிகளுக்காக உழைத்தார்.

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று கருவுற்ற பெண்ணொருத்தி தன் பெயரைப் பதிவு செய்யும்போது, அரசின் மகப்பேறு நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கிறாள். அத்திட்டத்தின் பெயர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம்.